இக்னைட், இன்ஸ்பயர், எந்திரிங்கப்பா

சோர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களைக் கிளப்பி விடுவது என் தொழில். விசிட்டிங் கார்டில் இதையே ஆங்கிலத்தில் கொஞ்சம் கௌரவமாகப் போட்டு வைத்திருக்கிறேன். பெருந்துறை தொழிற்பேட்டையிலோ, கோயம்புத்தூரைச் சுற்றி இருக்கும் கல்லூரிகளிலோ ஆட்கள் சுறுசுறுப்பாக இல்லை என்று யாருக்காவது தோன்றினால் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் முதலாளி. உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன்னால் மோட்டார் பம்ப் விற்றுக்கொண்டிருந்தேன். விற்றுக்கொண்டிருந்தேன் என்பது என் பணி நியமனக் கடிதத்தில் இருந்தது. உண்மையில் ஒன்றும் விற்கவில்லை. நான் சோர்ந்துவிட்டேன் என்று கம்பெனி என்னை ஊக்கப்படுத்தும் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பியது. இரண்டு நாள் கேட்டேன். பம்ப் விற்கும் ஆசை வரவில்லை. ஆனால் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தவரின் வேலை பிடித்துப்போயிற்று. வெயிலில் தோட்டம் தோட்டமாக அலைய வேண்டாம், ஏசி அறை, மதியம் பிரியாணி.

என்னிடம் ஓர் அட்டைக் கட்டு உண்டு. நாற்பது அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். மோட்டிவேட், இன்ஸ்பயர், என்கரேஜ், எனர்ஜைஸ், எம்பவர், இக்னைட், பூஸ்ட், டிரைவ். எல்லாம் ஒரே விஷயம்தானே என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. ‘என்கரேஜ்’ என்றால் முதுகில் தட்டிக் கொடுப்பது. ‘இன்ஸ்பயர்’ என்றால் தட்டாமலே எழ வைப்பது. ‘இக்னைட்’ சொல்லும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ‘டிரைவ்’ என்றால் விரட்டுவது; அதைச் சொல்லும்போது மட்டும் சூப்பர்வைசர் பக்கம் பார்க்கவே கூடாது, எல்லாரும் சிரித்துவிடுவார்கள்.

மூன்று மணி நேரம் கத்தி முடித்துவிட்டு, ‘எல்லாரும் ரெடியா?’ என்று கேட்பேன். ‘ரெடிங்க’ என்பார்கள். ‘நாளையிலிருந்து மாறிடுவோமா?’ ‘செரிங்க.’ அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். மரியாதையாகச் செரிங்க என்று சொல்லிவிட்டு, அவரவர் இருந்தபடியே இருப்பார்கள். இத்தனை வருடத்தில் நான் கேட்ட செரிகளில் எத்தனை எழுந்து நடந்தன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

அம்மா ஒரு புதன்கிழமை காலையில் இறந்தார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ‘சித்த உக்காந்துக்கறேன்’ என்று முக்காலியில் உட்கார்ந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் நாங்கள் போய்ப் பார்த்தோம்.

நான் அழவில்லை. பந்தலுக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டார்கள், சொன்னேன். தண்ணீர் கேன் எத்தனை என்று கேட்டார்கள்; அதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் வைத்திருந்தேன். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்து மரத்துப்போனால், அது யாருடைய காலோ போல இருக்குமே, அந்த மாதிரி நான் எனக்கு இருந்தேன். பத்தாவது நாள் பெருந்துறையில் ஒரு வகுப்பு. முன்பே ஒத்துக்கொண்டது. போய் ‘இக்னைட்’ எடுத்தேன். கைகளைத் தூக்கினேன். கருத்துப் படிவத்தில் எல்லாரும் மிக நன்று என்று போட்டிருந்தார்கள். அன்று நான் கொஞ்சம் சுமாராகப் பேசியிருந்தால்கூட என்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கும்.

அடுத்த மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து, கம்பி வைத்து, கிணத்துக்கடவு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் படுத்துக்கொண்டிருந்த அறையில் அவரைக் கிடத்தலாம் என்றேன். ‘ஹால்லயே போட்ரு கண்ணு, காத்து வருது’ என்றார். போட்டோம். அந்த அறையின் கதவு அம்மா போனதிலிருந்து சாத்தியே இருந்தது. சாத்தச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி பெருக்கும்போது அந்தக் கதவு வரை பெருக்கிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வாரத்துக்கு மூன்று நாள் ஸ்கூட்டரில் வந்தார். அப்பாவின் பாதத்தில் ஊசியால் லேசாகக் குத்தி, ‘தெரியுதுங்களா?’ என்பார்.

‘தெரியுதுங்க.’

‘இங்க?’

‘நல்லாத் தெரியுதுங்க.’

நானும் காலை நீட்டினேன். ‘எனக்கும் ஒரு குத்து குத்திப் பாருங்க மேடம்.’ அவர் சிரித்துக்கொண்டே குத்தினார். தெரிந்தது. கால் விஷயத்தில் எனக்கும் ஒரு குறையும் இல்லை என்று அன்று உறுதியாயிற்று.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: ‘எலும்பு நல்லாச் சேர்ந்திருக்குதுங்க. வலியும் பெருசா இல்லை. அவரு எந்திரிக்க மாட்டேங்கறாரு, அவ்வளவுதான். இந்த ஒரு மாசத்துக்குள்ள நடக்க ஆரம்பிக்கலீன்னா அப்பறம் கட்டிலோடதானுங்க. கால் சதையெல்லாம் கரைஞ்சு போயிரும்.’ பிறகு, ‘நீங்க மோட்டிவேஷன் டிரெய்னராமுங்களே? உங்களுக்கு நான் சொல்லணுமா?’ என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண் நம்பிக்கையோடுதான் சொன்னார்.

அன்றே ஆரம்பித்தேன். முதலில் என்கரேஜ். ‘உங்களால முடியுமுங்கப்பா.’ ‘செரி கண்ணு.’ அடுத்து இன்ஸ்பயர். எண்பது வயதில் மலை ஏறிய யாரோ ஒருவரைப் பற்றி ஒரு வீடியோ காட்டினேன். கடைசி வரை பார்த்துவிட்டு, ‘பாவம், ஊட்ல ஆரும் வேண்டாம்னு சொல்லலியாட்ட இருக்குது’ என்றார். பிறகு இலக்கு நிர்ணயித்தல். நாற்காலியிலிருந்து டிவி வரை ஐந்தடி, டிவியிலிருந்து வாசல் வரை பத்தடி என்று தரையில் சிவப்பு டேப் ஒட்டினேன். டேப்புகளை நானும் என் மனைவியும் தாண்டித் தாண்டி நடந்தோம். கடைசியாக, பிடித்து நடக்கும் வாக்கரின் குறுக்குக் கம்பியில் ‘இக்னைட்’ அட்டையையே ஒட்டிவிட்டேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார். ‘நல்ல எழுத்து கண்ணு. கம்ப்யூட்டர்ல அடிச்சதா?’

‘ஆமாங்கப்பா. எந்திரிக்கலாங்களா?’

‘செரி. நாளைக்குப் பாக்கலாம்.’

சமையலறையில் என் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ‘ஏனுங்க, உங்க கிளாஸை ஊட்ல எடுக்காதீங்க. மாமா பாவம். தூங்கவும் முடியாம, கேக்கவும் முடியாம உக்காந்திருக்காரு.’

‘பெருந்துறையில எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுக்கறாங்க.’

‘அங்க மத்தியானம் பிரியாணி போடறாங்க.’

நாட்கள் போயின. அப்பா காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எங்கள் தோளில் வந்தார், ராத்திரி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அதே தோளில் போனார். நாற்காலி வாசலைப் பார்த்தபடி இருந்தது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் அந்தப் பயம்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை பெய்கிற மாதிரிதான் இருந்தது. நனையவில்லை.

இந்த இடத்தில் ‘வாங்க’ பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து வாங்க என்று சொல்வது மூச்சு விடுவது மாதிரி. பத்துப் பேர் வந்தால் பத்து வாங்க. கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவருக்கு வாய் வலிக்கும். சோறு சரியில்லை என்றால் மன்னித்துவிடுவார்கள். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை’ என்றால் தலைமுறைக்கும் பேசமாட்டார்கள். அம்மா இதில் ஒரு படி மேலே. கடைக்குப் போய்விட்டு வரும் அப்பாவுக்கும், பெருந்துறையிலிருந்து உக்கடத்தில் பஸ் மாறி வந்து சேரும் எனக்கும்கூட, உள்ளே இருந்தே ‘வாங்க’ என்று குரல் கொடுப்பார். யார் என்று பார்த்துவிட்டெல்லாம் சொல்வதில்லை. செருப்புச் சத்தத்துக்குச் சொல்வார். ஒருமுறை சிலிண்டர் போடுகிறவர் அந்த வாங்கவை நம்பி உள்ளே வந்து உட்கார்ந்து காபியே குடித்துவிட்டுப் போனார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒத்தக்கால்மண்டபத்தில் இருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் புது வீடு கட்டிக் குடிபோனார். அந்த விசேஷத்தில் வாசலில் நின்ற மாமா அப்பாவைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. இது அப்பாவின் கட்சி. ‘ரெண்டு வாங்க சொன்னான். முன்னால போனவங்களுக்கு ஒண்ணு. பின்னால வந்த பேங்க் மேனேஜருக்கு ஒண்ணு. நடுவுல நான் ஒருத்தன் போனேன்.’ மாமாவின் கட்சி வேறு: ‘எல்லாரையும் சேர்த்துத்தான் கண்ணு சொன்னேன். அதுல அவரும் இருந்தாரு. ஒவ்வொருத்தருக்கும் ரசீது போட்டா குடுக்க முடியும்?’ அப்பா அன்று சாப்பிடாமல் திரும்பினார். பதினோரு வருடம் பேச்சில்லை. நடுவில் அம்மா மட்டும் போய் வந்துகொண்டிருந்தார், இரண்டு பக்கமும் வாங்க வாங்கிக்கொண்டு.

அம்மா இறந்த அன்று மாமா வந்தார். சாவு வீட்டில் வாங்க கிடையாது. போகும்போது போயிட்டு வாரேனும் கிடையாது. அதனால் இருவருக்கும் சிக்கலே இல்லை. நாள் முழுக்கப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா சாயங்காலம் சொல்லாமல் எழுந்து போனார். முறைப்படி.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் கரைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் கார் நின்றது. கதவைச் சாத்தும் சத்தம். தொடர்ந்து மாமாவின் குரல். ‘ஏனுங்க, ஊட்ல ஆருங்க?’

மாமா மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருப்பது எங்களுக்குத் தெரியும். பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். பத்திரிகையைக் கையில்தான் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் அதற்கு முன் வாங்க சொல்லியாக வேண்டும்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அம்மா போன பிறகு நான் பார்க்காத ஒரு சுறுசுறுப்பு ஓடியது. பார்த்துவிட்டு வாங்க சொல்லாமல் இருந்தால் அவரும் மாமா மாதிரி ஆகிவிடுவார். சொன்னால் பதினோரு வருடம் வீண். ஒரே வழி, பார்க்காமல் இருப்பது. ஹாலில் இல்லாமல் இருப்பது.

அப்பா வாக்கரை இழுத்தார். நான் பதறிப்போய்க் கைத்தாங்கலாகப் பிடிக்கக் குறுக்கே போனேன்.

‘அக்கட்டால தள்ளு கண்ணு’ என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

எழுந்தார். ‘இக்னைட்’ அட்டை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்க, டேப் ஒட்டாத திசையில், சாத்தியிருந்த அறையை நோக்கிப் பதினோரு அடி. நான் எண்ணினேன். கதவைத் தோளால் தள்ளினார், உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. மாமாவின் செருப்புச் சத்தம் அப்போதுதான் படியில் கேட்டது.

‘வாங்க மாமா’ என்றேன். ‘வாங்க, வாங்க.’ எத்தனை சொன்னேன் என்று தெரியவில்லை.

‘மச்சான் எங்க கண்ணு?’

‘உள்ள படுத்திருக்காருங்க.’

மாமா காலி நாற்காலியைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். கதவுக்குக் கேட்கிற மாதிரி, ‘அவரு கையிலதான் குடுக்கோணும் கண்ணு. நான் அப்பறமா வாரேன்’ என்று சொல்லிவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

கார் போன பிறகும் அறைக்குள் சத்தமில்லை. என் மனைவி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவளுடைய முறை அதுதான், அட்டையில் இல்லாதது. கதவைத் திறந்தேன். அப்பா அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையணை உறையில் அம்மா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை அப்படியே இருந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

‘போயிட்டானா?’

‘போயிட்டாருங்கப்பா.’

‘வாங்கன்னு சொன்னியா?’

‘சொன்னேனுங்க.’

‘சொல்லோணும்’ என்றார் அப்பா. ‘நீ சொல்லோணும். அவளுக்குத் தம்பி.’

செவ்வாய்க்கிழமை இதைப் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அவரை வாரத்துக்கு மூணு நாள் வரச் சொல்ல முடியுங்களா?’ என்றார்.

மாமாவுக்கு போன் போட்டேன். இந்த மாதிரி ஒரு வேண்டுகோளை என் வாழ்க்கையில் யாரிடமும் வைத்ததில்லை. ‘மாமா, நீங்க வந்தா அப்பா எந்திரிச்சு உள்ள போயிருவாருங்க. தயவுசெஞ்சு வந்துட்டே இருங்க.’ ‘செரி’ என்றார். இவரும் நம் பக்கத்து ஆள்தானே, இந்தச் செரியும் அந்த வகைதான் என்று நினைத்தேன்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கார் வந்தது. அப்பா எழுந்தார். வெள்ளிக்கிழமை வந்தது. எழுந்தார். ஒரு நாள் மாமா சீக்கிரமே வந்துவிட, அப்பா அறைவரை போக நேரமில்லாமல் கிட்டத்தில் இருந்த சமையலறைக்குள் நுழைந்து பின்பக்கம் போய்த் தென்னை மரத்தடியில் நின்றார். அது முப்பது அடிக்கு மேல். மாமா ஹாலில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டாமல் காபி குடிப்பார், கதவைப் பார்த்து, ‘மழை வருமாட்ட இருக்குது’ என்பார், பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வர வரப் பத்திரிகையின் மஞ்சள் ஓரம் அழுக்காகிவிட்டது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அதை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, ‘வாரேனுங்க மச்சான்’ என்று கதவிடம் சொல்லிக்கொண்டு போனார். அதற்குள் அப்பா வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்திருந்தார். வாக்கரை என் மனைவி பின்கட்டில் வைத்துத் துண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஊன்றுகோலோடு காரில் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கூப்பிடவில்லை. கேட்கவும் இல்லை.

‘பத்து நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல நிக்க விடாதீங்க’ என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். மண்டப வாசலில் மாமா கைகூப்பி நின்றார். எங்களோடு ஒரு வேன் ஆட்கள் இறங்கினார்கள். ‘வாங்க வாங்க வாங்க’ என்று மாமா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நாங்களும் கூட்டத்தில்தான் இருந்தோம்.

அப்பா நின்றுவிட்டார். கூட்டத்தை முன்னே போகவிட்டு, ஓரமாக ஒதுங்கி, எல்லாரும் போன பிறகு தனியாக, ஊன்றுகோலை ஊன்றி மாமாவுக்கு நேரே நின்றார். மாமாவை அதற்குள் போட்டோகிராபர் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு போன். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சாம்பாரைப் பற்றி ஏதோ கேட்டார். அப்பாவின் கால் லேசாக நடுங்கியது. வேட்டி வழியாகத் தெரிந்தது. நான் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டு வந்தேன்.

‘வேண்டாம்.’

‘பத்து நிமிஷம் ஆச்சுங்கப்பா.’

‘பதினோரு வருஷம் ஆச்சு கண்ணு.’

மாமா திரும்பினார். கூப்பிய கையை எடுக்காமல், அப்பாவைப் பார்த்து, அப்பாவை மட்டும் பார்த்து, ‘வாங்க மச்சான்’ என்றார்.

‘ம்’ என்றார் அப்பா. நேரே பந்திக்குப் போனார். இரண்டு ஜாங்கிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும் இடத்தில் சொந்தக்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்தார். ‘படுத்த படுக்கையா இருந்த அப்பனையே எந்திரிக்க வெச்சுப்போட்டியே. சும்மாவா கம்பெனிக்காரன் உன்னையக் கூப்பிடறான்!’ என்றார். நான் மறுக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ‘எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க’ என்று வந்தது. இரண்டு பேர் கார்டு கேட்டார்கள்; கொடுத்தேன்.

மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். என் மனைவி காரிலிருந்து தாம்பூலப் பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பூட்டைத் திறந்து முதலில் உள்ளே போனேன். ஃபேனைப் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். அப்பாவின் செருப்புச் சத்தமும் ஊன்றுகோல் சத்தமும் படியேறி வந்து வாசலில் நின்றன. அதற்கு மேல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவரைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தோம். அம்மா போன பிறகு அவர் வெளியே போய்விட்டுத் தன் காலால் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. கால் மறுபடியும் நடுங்க ஆரம்பித்திருந்தது.

‘வாங்கப்பா’ என்றேன். இரண்டாவது எழுத்திலேயே குரல் எங்கோ மாட்டிக்கொண்டது. மைக் இல்லாத பழக்கக் குறைவு என்று வைத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்துக்கு என் மனைவி பைகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூக்கை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன், இந்த முறை சரியாக.

‘செரி’ என்றார் அப்பா. உள்ளே வந்தார்.